கைபட்ட நாற்று

“என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் என் வயல்ல மெஷின் இறங்காது சார்! நாலு ஏக்கரும் கை நடவுதான். எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.”

நாற்காலியில் காலாட்டியபடியே விவசாயி முழங்கினார். அவர் தலைக்கு மேலே ‘சிறந்த விவசாயி’ கேடயம் பளபளத்தது.

வேளாண் அதிகாரி நடவு மெஷினுக்கான விண்ணப்பத்தை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். “இலவசமா வருதுங்கய்யா. ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க, பத்து நாள் வேலை ஒரே நாள்ல முடிஞ்சிடும். நீங்க வேண்டாம்னா இன்னிக்கே பக்கத்து ஊருக்குப் போயிடும்.”

“தாராளமா போகட்டும்! நாத்தைக் கையால ஊன்றப்ப மண்ணு நம்மகிட்ட பேசும் சார். இரும்புக்கு அந்தப் பேச்சு காதுல விழுமா?”

டீ கொண்டுவந்த மனைவி நகராமல் நின்றாள். “ஏங்க, இந்த ஒரு நடவுக்கு மட்டும் மெஷினை விட்டுப் பார்ப்போமே. இனிமே குனியவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே...”

“டாக்டருக்கு விவசாயத்தைப் பத்தி என்ன தெரியும்? உனக்குத்தான் என்ன தெரியும்? பெரிசா பேச வந்துட்டா!” என்று சீறியவர், அதிகாரியிடம் குரலைக் குழைத்தார். “இடுப்பே ஒடிஞ்சாலும் பரம்பரைப் பழக்கத்தை விட முடியுமா சார்?”

அதிகாரிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தான் படித்த படிப்பெல்லாம் இந்த மனிதரின் கால் தூசு பெறுமா என்று தன்னையே நொந்துகொண்டார். விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ‘மண்ணோடு உள்ள பண்பாட்டுப் பிணைப்பால் மெஷினை ஏற்க மறுப்பு’ என்று அறிக்கையில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

மனைவிக்கு அழுகை முட்டியது. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

“ஐயா, நீங்க வயல்ல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? மேலிடத்துக்கு அனுப்பணும்.”

“அதுக்கென்ன, வாங்க!” விவசாயி தலையை வாரிக்கொண்டு, புதுச் சட்டைக்கு மாறினார். “ஏய், நீயும் கூட வா” என்று மனைவியையும் அழைத்தார். எவ்வளவு பாசம் என்று அதிகாரி நெகிழ்ந்து போனார்.

தெரு முடிந்து வரப்பு தொடங்கியது. கண்ணுக்கு எட்டிய வரை வயல்கள். அதிகாரி செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, விவசாயி மெல்லப் பின்தங்கி மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

“இதுல நம்ம வயல் எதுடி?”