மூன்றாவது பாட்டின் மௌனம்

கண்ணுச்சாமி கனத்த கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். காளவாசல் சாலையின் வண்டி இரைச்சல் சட்டென்று அறுந்தது. இங்கே அலறினாலும் வெளியே ஒருவருக்கும் கேட்காது என்று ஜெய்சனுக்குத் தோன்றியது.

"செல்போன அமத்திட்டு அங்கிட்டு வையி மாப்ள. அண்ணே உன்னயத்தான் தேடிக்கிட்டிருந்தாரு" என்றார் ஒலிப்பதிவாளரான கண்ணுச்சாமி.

அண்ணன் என்றது நஜீமை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். 'ஈரச் சுவர்' அவருடைய ஒரே ஆல்பம். இணையத்தில் ஏறாமல், கச்சேரி வாசலில் சிடியாகக் கைமாறியது. அது பல போன்கள் தாண்டி, எழுமலையில் பள்ளிச் சிறுவனாயிருந்த ஜெய்சனின் மெமரி கார்டுக்கு வந்தது. விக்கி விக்கித்தான் ஓடும். அதைக் கேட்டுத்தான் அவன் பாட்டுக்காரன் ஆனான்.

ஏற்கெனவே வெளியாகியிருந்த ஜெய்சனின் பாட்டை நஜீம் ஓடவிட்டார். உச்சிக்கு ஏறிய இசை அப்படியே செத்து நின்றது. ஒரு மூச்சு நேரம் இருட்டு போல மௌனம். பிறகு குரல் மட்டும் தனியே திரும்பியது. ஊரே கொண்டாடிய இடம் அதுதான். அடுத்த வாரம் அவன் முதல் ஆல்பம் வருவதும் அதனால்தான்.

"இத எங்கருந்து எடுத்த?"



"கன்னம் வச்ச வீட்டச் சொல்லிரு மாப்ள" என்று சிரித்தார் கண்ணுச்சாமி.

"உங்க மூணாவது பாட்டுலருந்துதாண்ணே. திருட்டுதான். ஆல்பத்த நிப்பாட்டிர்றேன், வெளிய சொல்லிராதீங்க."

நஜீம் தன்னுடைய மூன்றாவது பாட்டின் மூலப் பதிவைப் போட்டார். பாட்டு ஏறியது. தீர்ப்புக்குக் காத்திருப்பவனைப் போல ஜெய்சன் கண்ணை மூடிக்கொண்டான்.

மௌனம் வரவில்லை. டிரம்ஸும் கிட்டாரும் இடைவெளியே இல்லாமல் அந்த இடத்தைக் கடந்து போயின.

"எங்க நிக்கிது? காட்டு."

"நான் கேட்டதுல நின்னுச்சுண்ணே... மெமரி கார்டுல..."

"கார்டு பழுதாகி அந்த எடத்துல பாட்டு செத்துருக்குண்ணே." கண்ணுச்சாமி இப்போது சிரிக்கவில்லை.

நஜீம் நாற்காலியைத் திருப்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"அந்தப் பாட்டுல என்னமோ குறையுதுன்னு தெரியும். என்னன்னு தெரியாமத்தான் இம்புட்டு வருசமா அடுத்த ஆல்பமே போடல."

நாற்காலியை இழுத்துக்கொண்டு ஜெய்சனின் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருங்கி வந்தார். குரல் தணிந்தது.

"தம்பி, அந்த மௌனத்த நான் எடுத்துக்கிறட்டுமா?"