சாவடிக் கட்டை

"செல்லப்பன் தர மாட்டேன்றாரு," என்றான் தச்சன் முத்துசாமி.

நாடகத்தை எழுதி, நடத்தி, பாதி வசனத்தைத் தானே பேசவும் போகிற நடேசனுக்குச் சுர்ரென்று ஏறியது.

பிரெஞ்சு ஆட்சி முடிந்து, கரையாம்புத்தூர் எல்லையில் கடத்தலைத் தடுக்க இருந்த சுங்கச் சாவடியைப் போன நவம்பரில்தான் எடுத்தார்கள். அதைக் கொண்டாடத்தான் இந்த நாடகம். மேடையில் மூங்கில் தட்டியால் சாவடி கட்டி, காகிதம் ஒட்டி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. பாதையை மறிக்கிற சிவப்பு வெள்ளைக் கட்டை மட்டும்தான் பாக்கி. நடேசனுக்கு அசல் கட்டையே வேண்டும். சாவடி கலைந்த அன்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர், அங்கே காவலாளாக இருந்த செல்லப்பன். ஊரே பார்த்தது.

நடேசன் முத்துசாமியையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டான்.

"கட்டை இன்னா ஆச்சு?"

"வூட்ல இல்ல தம்பி."

"வித்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப எங்க?"

"ஒரு சவுக்குக் கட்டைய சீவி, நானே வர்ணம் அடிச்சித் தரேன். அளவெல்லாம் எனக்கு அத்துப்படி," என்றார் செல்லப்பன்.

"இருக்காதா பின்ன? எத்தினி பேர அதுல மறிச்சிருக்கீங்க. நாலு படி அரிசியோட வந்த இருசப்பன, நீங்க தொரத்தித்தான மதகுலேர்ந்து வுழுந்து கால் போச்சி? அதிகாரம் போயும் கட்டைய வுட மனசு வரல."

செல்லப்பன் தலையைத் தூக்கவில்லை.

நடேசன், முத்துசாமியின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினான். நாடக நோட்டைப் பிரித்தான்.

"காவக்காரனுக்கு இதுவரைக்கும் பேர் வெக்கல. இப்ப வெக்கிறேன். செல்லப்பன். ஊர் சனம் மொத்தமும் கேக்கட்டும்."

செல்லப்பனின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே அவர் மனைவி கெங்கம்மாள் அரிசி புடைக்கும் சத்தம் நின்றது.

"எழுதிக்கப்பா," என்றார் செல்லப்பன்.

சொன்னபடி மறுநாளே புதுக் கட்டையைக் கொண்டுவந்து மேடையில் போட்டுவிட்டுப் போனார். சிவப்பும் வெள்ளையும் அச்சு அசலாக இருந்தன. நடேசன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் இருசப்பன் இரண்டு அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

"என் வேஷத்துக்கு யாருப்பா? நல்லா ஓடுவானா?" என்று சிரித்தார். பிறகு ஒரு கட்டையை முத்துசாமியிடம் நீட்டினார். "அடி தேஞ்சிப் போச்சி. கொஞ்சம் பாரேன்."

"யார் செஞ்சது இது? நல்ல வேலையா இருக்குதே."

"யாருக்குத் தெரியும்? போன மார்கழியில ஒரு நாள் காலையில வாசல்ல சாத்தி வெச்சிருந்திச்சி. எந்தப் புண்ணியவானோ, என் ஒசரத்துக்கு சரியா இருந்திச்சி."

அடியில் தோல் வைக்க, மேலே பூசியிருந்த தாரை முத்துசாமி உளியால் சுரண்டினான். உள்ளே சிவப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினான். வெள்ளை. அதற்கும் மேலே மறுபடி சிவப்பு.

மேடையில் கிடந்த புதுக் கட்டையைப் பார்த்தான். கையில் இருந்ததைப் பார்த்தான். இருசப்பன் அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். முத்துசாமி தோலை வைத்து ஆணி அடித்து, சுரண்டிய இடத்தில் தாரைப் பூசிக் கொடுத்து அனுப்பினான்.

பிறகு நடேசனிடம் போனான்.

"அசல் கட்டை கெடைச்சிடுச்சி."

"எங்க? கொண்டா, மேடையில ஏத்திடலாம்."

"அது வராது." முத்துசாமி தாரும் சிவப்புமாக இருந்த உளியைக் காட்டினான். பிறகு தெருவைக் காட்டினான். இருசப்பன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். "அதோ, நடந்து போவுது பாரு."

அவர் தெருக்கோடி திரும்புகிறவரை நடேசன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கையை நீட்டினான்.

"அந்தப் பென்சிலக் குடு. ஒரு பேர அடிக்கணும்."