கூப்பருக்கு ஒரு ஓட்டு

"கூப்பருக்கா ஓட்டுக் கேட்டு வந்திருக்க?" கதவைத் திறந்த லியோன்ஸ் சீறினார். "எதிர்க்கட்சியில ஜெயிச்சு, ஒட்டாவா பார்லிமெண்டுக்குப் போன மறுமாசமே நம்ம கட்சிக்குத் தாவினவன்! ராஜினாமா பண்ணிட்டு மறுபடி நின்னிருக்கணுமா இல்லையா?"

"மேலிடம் அவரைத்தான் நிறுத்தியிருக்கு, ஐயா," என்றாள், கம்பளித் துணியால் மூக்குவரை மூடியிருந்த அந்தப் பெண். "கட்சிக்காகப் போடுங்க."

"கட்சிக்காகத்தான் போன தடவை ஜினெட்டுக்குப் போட்டேன். அந்தம்மாவைத் திருடின்னு ஊரெல்லாம் பேசித்தானே இவன் ஜெயிச்சான்? இப்ப அவங்க இடத்துல இவனையே நிறுத்தறீங்க. அந்தம்மா எப்படித்தான் தாங்கறாங்களோ!"

"கட்சி சொன்ன வேலையைச் செய்றாங்க."

லியோன்ஸ் உள்ளே போய், போன தேர்தலில் வாசல் புல்வெளியில் நட்டிருந்த ஜினெட்டின் படம் போட்ட பலகையை எடுத்துவந்தார். "அவங்களைப் பார்த்தா குடும்மா. தூக்கிப்போட மனசு வரலைன்னு சொல்லு."

பலகையைக் காருக்குள் வைத்துவிட்டு, அவள் முகத்துணியை இறக்கி மூச்சுவிட்டாள். பலகையில் சிரித்துக்கொண்டிருந்ததும் அதே முகம்தான்.

பிறகு கூப்பரின் நோட்டீஸ்களை அள்ளிக்கொண்டு, துணியை மறுபடி மூக்குவரை ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அன்று அப்படியொன்றும் குளிரவில்லை.