கொத்தமல்லிக்கு வைத்த தண்ணீர்

"அண்ணன் வந்து குடிச்சிருக்கு, மதினி," என்றாள் நாத்தனார் கோமதி. சிவகாமியின் கணவர் இறந்ததிலிருந்து படத்துக்கு முன்னால் விளக்கோடு ஒரு டம்ளர் தண்ணீரும் வைக்கிறார்கள். காலையில் அது இரண்டு விரற்கடை குறைந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கேட்டது தண்ணீர்தான். டாக்டர் கூடாது என்றதால் சிவகாமி உதட்டை மட்டும் பஞ்சால் நனைத்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், துவண்டு கிடந்த கொத்தமல்லிக் கட்டின் காம்பு நுனிகளை நறுக்கி, படத்துக்கு வைத்த டம்ளரிலேயே நிறுத்தினாள்.

"என்ன மதினி இது?" என்று பதறினாள் கோமதி.

"வாடிப்போச்சு. அது குடிச்சு நிமிரட்டும்."

இனித் தண்ணீர் குறைந்தால் கொத்தமல்லி குடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். கொத்தமல்லி நேற்றைவிட வாடித் தலை தொங்கிக் கிடந்தது. டம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.