நாலாவது கேள்வி

"டாக்டர், உங்க அக்கா வந்திருக்காங்க" என்று கதவைத் திறந்து சொன்னாள் சீட்டு கொடுக்கும் பெண். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்காவாவது, தங்கையாவது!

"அது எங்கம்மா. உள்ள அனுப்பு."

வீங்கிய கன்னத்தோடு அம்மா வந்தாள். அந்த வலியிலும் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "கேட்டியா? அக்காவாம்!"

அம்மாவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார் அப்பா. இத்தனை வருடத்தில் அந்தப் பையை அவர் தொட்டுக்கூட மகள் பார்த்ததில்லை.

கிளினிக் திறந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா நோயாளியாக வருவது இதுதான் முதல் தடவை. எப்படியாவது அம்மாவிடம் சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்று மகளுக்கு ஒரே துடிப்பு.

"வேர்ல சீழ் கோத்திருக்கும் போலம்மா. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்."

அம்மா டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். "எடுக்காம பார்க்க முடியாதா?"

"குத்துமதிப்பா வைத்தியம் பார்க்கச் சொல்றியா?"

"அது உடம்புக்குக் கெடுதலாமே?"

"ஒரு பல்லுக்கு எடுக்கிறது ரொம்பக் கொஞ்சம்மா. நாம சும்மா இருந்தாலே ஒரு நாள்ல நம்ம மேல படுற கதிர்வீச்சு இதைவிட ஜாஸ்தி."

"அப்ப நீ மட்டும் ஏன் சுவருக்குப் பின்னாடி ஓடுற?"

"உனக்கு எப்பவோ ஒண்ணு. எனக்குத் தினமும் பத்து, இருபது. அதான்."

அம்மா அரை மனதோடு நாற்காலியில் சாய்ந்தாள். ஈயம் வைத்துத் தைத்த கனமான ஏப்ரனைக் கழுத்திலிருந்து மடிவரை போர்த்திவிட்டாள் மகள்.

"இன்னொண்ணு இருக்கா?"

"இது என்ன போர்வையா? ஒண்ணே போதும்!"

கதவு இடுக்கில் அப்பாவின் தலை முளைத்தது. "ஆயிடுச்சா?"

"அப்பா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

தலை மறைந்தது. மகள் எக்ஸ்ரே பதியும் சென்சாரை அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"நில்லு, நில்லு!" அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்கு முகம் தொங்கிப்போனது. "யார் யாரோ நம்பி வந்து வாயைத் திறக்கிறாங்க. பெத்த அம்மாவுக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?" கண் கலங்கிவிட்டது.

"நம்பிக்கை இல்லாமலா வந்தேன்? முன்னாடி வந்த பொண்ணுகிட்ட ஒரு அட்டையை வச்சுக்கிட்டு நாலு கேள்வி கேட்டியே, வெளிய வரைக்கும் காதுல விழுந்துச்சு. என்னை ஏன் கேட்கல?"

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

"பரவாயில்ல, கேளு."

மகள் உர்ரென்று அட்டையை எடுத்தாள். "கடைசியா எப்ப எக்ஸ்ரே எடுத்தீங்க?"

"எடுத்ததே இல்ல."

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"எல்லாம் ஒத்துக்கும்."

"காதுல கழுத்துல நகை?"

"கழட்டிப் பையில போட்டாச்சு. உங்கப்பாகிட்ட இருக்கு."

"போதுமா? நாலாவது உனக்குத் தேவையில்ல." அட்டையை வைக்கப் போனாள்.

"அதைத்தான்டி கேட்கச் சொல்றேன்!"

அம்மாவின் வீங்காத கன்னமும் இப்போது சிவந்திருந்தது. மகள் அட்டையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கதவு இடுக்கில் மறுபடி முளைத்திருந்த அப்பா, மகள் பார்த்ததும் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கர்ப்பமா..." என்று படித்தவள் அட்டையைக் கீழே போட்டாள். ஏப்ரனோடு சேர்த்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மூணு மாசம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருந்தோம். இப்ப சொல்லு, எக்ஸ்ரே எடுக்கலாமா?"

"தாராளமா எடுக்கலாம்மா. பயமே இல்ல." சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து இரண்டாவது ஏப்ரனையும் எடுத்து அம்மாவின் வயிற்றின்மேல் போர்த்தினாள்.

அம்மா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். "வெளிய இருக்கிற பொண்ணுகிட்ட மறக்காம சொல்லிடு. அக்கா நான் இல்ல, நீதான்னு!"