வேட்டைக்கு ஒரு பைனாகுலர்

குற்றாலத்து மலையில் மிளா மான் வேட்டையாடப் போகும் சிவசைலம் பிள்ளை, தென்காசியில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் பிச்சுமணியின் கடையில், இருநூறு ரூபாய் ஜெர்மன் பைனாகுலரைத் தேர்ந்தெடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற இலஞ்சிச் சுடலையாண்டி, இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டதும் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது.

“நீரும் வேட்டைக்கா வே?”

“வேட்டைக்குத்தான் அண்ணாச்சி. ஒரு கண்ணுல தெரிஞ்சாலும் போதும்.”

“எம்புட்டுத் தூரம் பாக்கணும்?” என்று கேட்டார் பிச்சுமணி.

“ரெண்டு வயல் தள்ளி. பொழுது சாயுத நேரம்.”

“ரெண்டு வயலுக்குள்ள என்னத்த வேட்டையாடப் போறீரு, எலியா?” என்றார் பிள்ளை.

“வேட்டைக்குப் போறது நான் இல்ல, எங்க முதலாளி. குதிரையில போவாரு.”

“குதிரை வச்சிருக்கவருக்கு ஓட்டைப் பைனாகுலரா? சரியான கஞ்சன்வே உம்ம முதலாளி. யாரு அவரு?”

“எங்க ஊரு முருகன்தான் அண்ணாச்சி. நாளைக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளுதாருல்லா. வீட்டுக்காரி ரெண்டு வருசமாப் படுத்த படுக்கை. இந்தத் தடவையாவது சன்னல் வழியா சாமியப் பாக்கணும்னு சொல்லுதா.”

பிள்ளை முதலில் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். பிறகு, கழுத்தில் கிடந்ததை.