அடுத்த வரி

வெள்ளையரே உயர்ந்தவர் என்று முப்பது ஆண்டுகள் முழங்கியவர் ஹோல்கம். சர்ச் தீவைப்பு வழக்குக்குப் பிறகு அவருடைய சங்கத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். ஆனாலும் இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு இருநூறு நாற்காலிகள் போடச் சொன்னார். வந்தது ஒரே ஒரு பெண்.

“புது உறுப்பினராம்மா?” என்று முகம் மலர்ந்து கேட்டார்.

“இல்ல. கறுப்பர்களோட சர்ச்சுக்குத் தீ வச்சானே டோபின், அவனோட அம்மா. போன மாசம் ஜெயில்லயே தூக்குப் போட்டுக்கிட்டான். உங்க பேச்சைக் கேட்டுட்டு வந்த அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தான். அப்படி என்னதான் பேசினீங்க? எனக்கும் ஒரு தடவை பேசிக் காட்டுங்க.”

ஹோல்கம் மேடையேறினார். மனப்பாடமான பேச்சுதான்.

“என் பிள்ளைகளே...” என்று தொடங்கினார்.

அடுத்த வரி வாயில் வரவில்லை.

“ம், சொல்லுங்க” என்றாள் அவள்.